ஐஸ் பெட்டியில் இடமில்லை, மாப்பிள்ளை

ஏப்பம் வராத கலரைக் கலர் என்றே ஒப்புக்கொள்ளாத என் அன்பு மாப்பிள்ளை தொம்மைக்கு,

உன் மச்சான் சவரிமுத்து எழுதுகிறேன். போன வாரம் உன் ஆண்டுப் பூசை நடந்தது. சாமியார் உன் பெயரைத் தடுமாறாமல் வாசித்தார். பிரகாசி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் உன் மகள் ஸ்டெல்லா. அழவில்லை. என் தங்கச்சி நீ போன அன்றைக்கு அழுததோடு சரி, அதற்குப் பிறகு அவளுக்கு வேலை இருந்தது.

இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னது யார் என்று தெரிந்தால் சிரிப்பாய். சோடா கலர் தயாரிப்பாளர் சங்கத்தின் செயலாளர். ஆமாம், நம்மைப் படியேற விடாத அதே சங்கம்தான். ஆண்டு மலர் போடுகிறார்களாம், தொழிலில் இருந்து மறைந்தவர்களுக்கு அதில் இடமாம். உன் படமும் நாலு வரியும் கேட்டார். நாலு வரியில் எனக்கு எழுத வராது என்றேன். எவ்வளவு வேண்டுமானாலும் எழுது, பக்கம் நிறையக் கிடக்கிறது, விளம்பரம் கொடுக்கத்தான் ஆளில்லை என்றார். அதனால் உனக்கே எழுதிவிடுகிறேன். மற்றவர்கள் ஒட்டுக்கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும்.

அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, கோபப்படாதே. நீயும் நானும் தூத்துக்குடியில், படகும் வலையுமாகக் கிடக்கிற திரேஸ்புரத்தில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனோம், ஒன்றாகவே அதை விட்டோம். நான் பழைய துறைமுகத்தில் மூட்டைகளுக்குக் கணக்கு எழுதப் போனேன். நீ மீனுக்கு ஐஸ் போடும் கம்பெனிக்கு வேலைக்குப் போனாய். என் தங்கச்சியைக் கட்டிய பிறகுதான் என்னை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்தாய். அதற்கு முன்பு கூப்பிட்ட பெயரை மலரில் அச்சடிக்க முடியாது.

புதுத் துறைமுக வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என்னை சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து அங்கே கூட்டிப் போனாய். கடலுக்குள் கல்லைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். லாரிகள், தகரக் கொட்டகைகள், புழுதி, வெளியூர் ஆட்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. நீ கடலைப் பார்க்கவில்லை, கல்லையும் பார்க்கவில்லை. ஆட்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

“இம்புட்டு பேருக்கும் தாகம் எடுக்கும்லா, மச்சான்?”

தாகம் எடுத்தால் தண்ணீர் குடிப்பார்கள் என்றேன்.

“தண்ணி குடிக்கதுக்கா வெளியூர்லேருந்து வந்திருக்கான்?” என்றாய். கலர் போடப்போகிறேன் என்று அந்த வாரமே ஐஸ் கம்பெனியில் வேலையை விடப்போவதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டாய். பிரகாசி என்னிடம் வந்து முறையிட்டாள். நான் உன்னிடம் பேசப் போனேன், பேசி முடிக்கும்போது நானும் உன் கூட்டாளியாகிவிட்டிருந்தேன்.

நீ நினைத்ததில் தப்பு இல்லை. அவர்களுக்குத் தாகம் எடுக்கத்தான் செய்தது. ஆனால் அந்தக் கூட்டத்தை நீ மட்டுமா பார்த்தாய்? உப்பளத்துக் கங்காணி பார்த்திருந்தார். பஞ்சாலையில் ஓய்வு பெற்றவர் பார்த்திருந்தார். சாத்தான்குளத்திலிருந்து வாத்தியார் வேலை கிடைக்காத அண்ணன் தம்பிகள் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். கையில் கொஞ்சம் துட்டு இருந்தவனெல்லாம் ஒரே யோசனையோடு வீட்டுக்குப் போய், ஒரே மாதிரி சோடா மிஷினை வாங்கி மாட்டினான். நாம் மிஷினை இறக்கி வைத்த மாதத்தில் நம் வீட்டிலிருந்து பஸ் நிலையம் வரை நடந்தால் அது சுற்றுகிற சத்தம் கேட்காத தெரு இல்லை.

எல்லாரும் ஆரஞ்சு போட்டார்கள். ஆரஞ்சு போடாதவர்கள் லெமன் போட்டார்கள். கண்ணைக் கட்டிவிட்டுக் குடிக்கக் கொடுத்தால் எது தன்னுடைய கலர் என்று போட்டவனுக்கே தெரிந்திருக்காது. நாமும் ஆரஞ்சு போடலாம் என்றுதான் நான் சொன்னேன். எல்லாரும் போடுவதை நாமும் போட்டால் நம்மிடம் எதற்கு வாங்குவான் என்று நீ கேட்டாய். யாரும் போடாததைப் போட்டால் மட்டும் எதற்கு வாங்குவான் என்று நான் அப்போது திருப்பிக் கேட்டிருக்கலாம், தோன்றவில்லை.

உடன்குடிக்குப் போய்க் கருப்பட்டி வாங்கி வந்தாய். அதைக் காய்ச்சி, வடிகட்டி, சுக்குத் தட்டிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து பாகு எடுத்து, அதில் கேஸ் ஏற்றிப் பார்த்தாய். முதல் தடவை கலங்கலாக இருந்தது. அடுத்த தடவை பாகு புளித்துப்போய் பாட்டில்கள் அடுப்படியில் ஒவ்வொன்றாக வெடித்தன. பிரகாசி ஸ்டெல்லாவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். நீ மட்டும் உள்ளே நின்றுகொண்டு, கேஸ் நன்றாகத்தான் ஏறியிருக்கிறது என்று சொன்னாய். அவள் அதற்குப் பிறகு உன்னிடம் பேச எத்தனை நாளானது என்று உனக்குத்தான் தெரியும்.

கடைசியில் கலர் கூடி வந்தது. பாட்டிலின் கழுத்தில் அடைத்திருக்கும் கோலிக்குண்டைக் கட்டைவிரலால் அமுக்கிவிட்டு, வாயில் வைத்தால் முதலில் சுக்கின் காரம், பிறகு கருப்பட்டியின் இனிப்பு, அது இறங்குவதற்குள் மூக்கில் ஏறும் கேஸ். அப்படி ஒன்றை நான் அதற்கு முன்பும் குடித்ததில்லை, பின்பும் குடித்ததில்லை. மச்சான் என்பதற்காகச் சொல்லவில்லை. நீ செய்த வேறு எதையும் நான் புகழ்ந்ததில்லை என்பது ஊருக்கே தெரியும்.

கடைக்குக் கொண்டுபோனால் முதல் அண்ணாச்சியே சிரித்தார். வீட்டில் கிடக்கிற கருப்பட்டியைத் துட்டுக் கொடுத்து யார் குடிப்பார்கள் என்றார். சரி, வைத்துவிட்டுப் போ, பார்ப்போம் என்றும் சொன்னார். லாரிக்காரர்கள்தான் முதலில் குடித்தார்கள். ஒரு கோடைக்காலம் நமக்கு நன்றாகப் போனது. அந்தக் கோடையை வைத்துத்தான் நீ மிச்ச வருடங்களையும் ஓட்டினாய். ஒரு நல்ல கோடை வராமலே போயிருந்தால் உன்னைக் காப்பாற்றியிருக்கலாமோ என்று சில சமயம் நினைக்கிறேன்.

இந்தத் தொழிலில் கலர் முதல் இல்லை, காலிப் பாட்டில்தான் முதல் என்று நமக்குப் பிறகுதான் புரிந்தது. கடையில் எல்லாருடைய காலிப் பாட்டில்களும் ஒன்றாகத்தான் கிடக்கும். எவன் வண்டி முதலில் வருகிறதோ அவன் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவான். சங்கத்துக்காரர்கள் வாரக் கடைசியில் ஒரு கூடத்தில் கூடி, உன் பாட்டில் இது, என் பாட்டில் இது என்று பிரித்து மாற்றிக்கொள்வார்கள். சங்கத்தில் இல்லாதவன் பாட்டிலுக்கு அங்கே கேள்வி கிடையாது. சேரலாம் என்று போனால், இருக்கிறவர்களுக்கே பிழைப்பில்லை, புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை என்று வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்கள். செயலாளர் அண்ணாச்சி, இந்த இடத்தை வெட்டாமல் அச்சடிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

காலையில் நிறைந்த பாட்டிலோடு போவாய், சாயங்காலம் உன் காலிப் பாட்டிலைத் தேடி ஊரெல்லாம் சைக்கிள் மிதிப்பாய். அதைக்கூட நீ சலிக்காமல் செய்தாய். அதற்குள் அந்தப் பச்சைப் பெட்டி வந்துவிட்டது.

அதைக் கொண்டுவந்த பெரிய கலர் கம்பெனியின் பெயரை இங்கே எழுத வேண்டாம், எழுதினால் அதற்கு அதுவும் ஒரு விளம்பரம். அதுவரை நம் கடைகளில் பாட்டிலை ஈரமணல் தொட்டியில் புதைத்து வைப்பார்கள், அதுவே குளுமை என்று குடித்துக்கொண்டிருந்தோம். கம்பெனிக்காரன் கடைக்குக் கடை தகரம் அடித்த பெட்டியை இலவசமாக இறக்கினான். காலையில் அவன் வண்டியே ஐஸ் கொண்டுவந்து போட்டது. பல் கூசக் கூசக் கலர் குடித்துப் பழகியவன் மறுபடி மணல் தொட்டிப் பக்கம் திரும்புவானா? ஒரே ஒரு நிபந்தனை, பெட்டிக்குள் அவன் பாட்டில் மட்டும்தான் இருக்க வேண்டும்.

புதுத் துறைமுக ரோட்டில் நமக்கு வேண்டிய அண்ணாச்சி ஒருவர் இருந்தாரே, அவரிடம் நீ கேட்டபோது நானும் கூட இருந்தேன். அவர் உன்னை விரட்டவில்லை. தோளில் கையைப் போட்டுத்தான் பேசினார்.

“பெட்டி அவன் குடுத்தது, தம்பி. அதுல ஒம் பாட்டில வச்சா நாளைக்கே தூக்கிட்டுப் போயிருவான். வெளிய வச்சிக்கோ. நான் வேண்டாம்னா சொல்லுதேன்?”

வெளியே என்றால் வெயில். நம் கலரை அவர் கடை வாசலில் வெயிலில் வைத்துவிட்டு ஓரமாக நின்று பார்த்தோம். வருகிறவன் எல்லாம் பெட்டியைத் திறந்தான். ஒருவன் மட்டும் நம் பாட்டிலைத் தொட்டுப் பார்த்து, சுடுகிறது என்று வைத்துவிட்டான். நம் கலரைக் குடித்துப் பிடிக்கவில்லை என்று ஒருவன் சொல்லியிருந்தால் மனசு ஆறியிருக்கும். குடிக்கவே இல்லையே.

நம்மிடம் இல்லாதது பெட்டிதானே, பெட்டிக்கா பஞ்சம் என்றாய் நீ. திரேஸ்புரத்தில் பிறந்தவனுக்கு ஐஸ் பெட்டி தெரியாதா? படகுக்காரர்கள் மீனும் இறாலும் போட்டு வைத்துப் பழசாகித் தூக்கிப்போட்ட பெட்டிகள் கடற்கரையில் கிடந்தன. உள்ளே தகரம், வெளியே பலகை, நடுவில் மரத்தூள். ஒரு பார் ஐஸ் போட்டால் சாயங்காலம் வரை நிற்கும். கிடைத்த பெட்டிகளை எல்லாம் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தாய். சுண்ணாம்பு போட்டுக் கழுவினோம். வேப்பிலையை அரைத்துத் தேய்த்தோம். நாள் கணக்கில் வெயிலில் கவிழ்த்து வைத்தோம். நீலப் பெயிண்ட் அடித்து, கருப்பட்டிக் கலர் என்று வெள்ளையில் நீயே எழுதினாய். பெட்டிகளுக்குள் தலையை விட்டு முகர்ந்து பார்த்தோம். நீ பார்த்தாய், நான் பார்த்தேன், பிரகாசி பார்த்தாள். சுண்ணாம்பு மணம்தான் இருந்தது. பச்சைப் பெட்டி போகாத கடைகளாகப் பார்த்துக் கொண்டுபோய் வைத்தோம். உன் முகத்தில் மறுபடி பழைய களை வந்திருந்தது.

பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள கடையில் நாசரேத்திலிருந்து கல்யாணத்துக்கு வந்த ஒரு டீச்சரம்மா கலர் வாங்கிக் குடித்தார். பாட்டிலை வாயில் வைத்தவர் எடுத்துவிட்டார். நல்ல மனுஷி, சத்தம் போடவில்லை. கடைக்காரரிடம் மெதுவாகத்தான் சொன்னார்.

“தப்பா நெனைக்காதீங்க அண்ணாச்சி, பாட்டில்ல மீன் வாடை அடிக்கு.”

நீ அப்போது அங்கே காலிப் பாட்டில் எடுக்கப் போயிருந்தாய். அதே பாட்டிலை வாங்கி முகர்ந்தாய். இன்னொன்றை உடைத்து அவர் முன்னாலேயே முழுசும் குடித்துக் காட்டினாய். ஒரு வாடையும் இல்லை, அம்மா, என்று சத்தியம் செய்தாய். அந்தப் பாட்டிலை எனக்கும் கொண்டுவந்து காட்டினாய், எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. தெருவில் உள்ளவர்களை எல்லாம் கூப்பிட்டு முகரச் சொன்னாய். படகுக்காரர், வலை பின்னுகிறவர், கருவாடு விற்கிற அக்கா, எல்லாரும் முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு வாடையும் இல்லை என்று ஒரே குரலில் சொன்னார்கள். கம்பெனிக்காரன்தான் ஆள் வைத்துப் பரப்புகிறான் என்று முடிவு கட்டினோம். பாவம், அந்த டீச்சரம்மாவைத் தெருவே திட்டியது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கடையிலிருந்தும் அதே சொல் வந்தது. கம்பெனிக்காரன் இத்தனை பேருக்கா துட்டுக் கொடுப்பான் என்று எனக்குச் சந்தேகம் தட்டியது. நம் கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த சின்னச் சாமியார் சிவகங்கைப் பக்கத்துக்காரர், கடலையே இங்கே வந்துதான் பார்த்தவர். அவரிடம் ஒரு பாட்டிலைக் கொண்டுபோனோம். பிரகாசியும் வந்திருந்தாள். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று நம் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தொம்மை, நான் இந்த ஊருக்கு வந்த நாள்லேருந்து எனக்கு எல்லாத்துலயும் இந்த வாடை இருக்கு. குடிக்கிற காப்பியிலகூட இருக்கு. இதுலயும் இருக்கு.”

பிரகாசி தன் முந்தானையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அவளுக்கு அதிலும் ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வரும் வழியில்தான் எனக்கு விளங்கியது. பெட்டிக்கு நடுவில் இருந்த மரத்தூள் வருடக்கணக்காக மீன் தண்ணீரைக் குடித்துக் கிடந்திருக்கிறது, நாம் கழுவியது வெளியேயும் உள்ளேயும்தான். ஐஸ் உருகி அந்தத் தண்ணீரில் பாட்டில் நின்றால் வாடை ஒட்டாமல் என்ன செய்யும்? ஊரில் வேறு யாராக இருந்தாலும் முதல் நாளே கண்டுபிடித்திருப்பான். மீனோடு பிறந்து மீனோடு வளர்ந்த நமக்கு மட்டும்தான் அது தெரியாமல் போனது.

பெட்டிகளை எல்லாம் உடைத்து அடுப்பில் வைத்தாய். புதுப் பலகையில் புதுப் பெட்டி செய்தாய், அதில் மீன் தண்ணீர் ஒரு சொட்டுப் படவில்லை. ஆனால் அதற்குள் ஊர் நம் கலருக்கு மீன் கலர் என்று பெயர் வைத்துவிட்டது. கடைக்குக் கொண்டுபோனால் அண்ணாச்சிமார் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை செய்தார்கள். கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, சிரிப்பு வந்தால் சிரிக்கத்தானே செய்வார்கள். கலர் போடுகிறவர்கள் ஒன்றிரண்டு பேராக இருந்திருந்தால் மறந்துவிட்டு மறுபடி வாங்கியிருப்பார்கள். கை நீட்டிய இடமெல்லாம் கலர் கிடைக்கிற ஊரில் எவன் நமக்கு இரண்டாவது வாய்ப்புத் தருவான்? ஒரு தப்புக்குக்கூட அங்கே இடமில்லாமல் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஊரை விட்டுத் தள்ளு, கடற்கரை ரோட்டில் வடக்கே போவோம் என்றாய். மீன் கலர் என்ற பெயர் அங்கே எட்டியிருக்காது என்பது உன் நம்பிக்கை. வேம்பார் பஸ்ஸின் மேல் பாட்டில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நீ தனியாகப் போனாய். மீனவரும் உப்பளத்து ஆட்களும் இருக்கிற ஊர், நம்மைப் போலத்தான் அவர்களும், வாங்குவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாய். சாயங்காலம் உன்னைக் கூட்டிவர நான் பஸ் நிலையத்துக்கு வந்தேன். மேலே இருந்த பாட்டில் எல்லாம் நிறைந்தபடியே இருந்தது.

“அங்கனயும் பச்சப் பெட்டி வந்துட்டு, மச்சான்.”

அவ்வளவுதான் நீ சொன்னது. வெயிலைத் திட்டவில்லை, கம்பெனிக்காரனைத் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. நான் ஏதாவது சொல்லித் தேற்றியிருக்க வேண்டும். பாட்டில் பெட்டிகளை இறக்கி வண்டியில் வைத்தேன். அந்த மழைக்காலத்தில் உனக்கு மஞ்சள்காமாலை வந்தது. டாக்டர் ஈரலைக் காரணம் சொன்னார். பிரகாசி தண்ணீரைக் காரணம் சொன்னாள். நான் காரணம் சொல்லவில்லை.

நீ போன பிறகு நானும் கொஞ்ச நாள் போட்டுப் பார்த்தேன், மாப்பிள்ளை. கலரை விடவேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாயே. துறைமுகத்து வேலை முடிந்து வந்து பாகு காய்ச்சினேன். உன் கை வரவில்லை, சுக்கு தூக்கலாகிவிட்டது. மாதா கோயில் திருவிழாவில் ஒரு கடை போடலாம் என்று போனேன். திருவிழாக் கடைகளுக்குப் பந்தல் போட்டதே கம்பெனிதான், பந்தல்காலுக்குப் பந்தல்கால் பச்சைப் பெட்டி. நம் மாதா முன்னாலேயே நமக்கு இடமில்லையா என்று திருவிழாக் கமிட்டிக்காரர் ஒருவரிடம் கேட்டேன். பந்தல் செலவை யார் தருவது என்று அவர் திருப்பிக் கேட்டார். அதோடு மிஷினை நிறுத்தினேன்.

மிஷினை வாங்க ஆள் வரவில்லை. ஊரில் பாதி மிஷின்கள் விற்பனைக்குத்தான் நிற்கின்றன. கங்காணி மூடிவிட்டார். சாத்தான்குளத்து அண்ணன் தம்பிகளில் மூத்தவன் கம்பெனி வண்டியில் ஐஸ் ஏற்றுகிறான். நம்மை வாசலில் நிறுத்திய சங்கத்தில் இப்போது கூட்டம் நடத்த ஆள் சேர்வதில்லை. போன மாதம் செயலாளர் என்னைப் பார்த்து, நீங்களும் சேர்ந்துகொள்ளலாமே என்றார். காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

இனிமேல் சொல்லப்போவதை எப்படிச் சொல்வது என்றுதான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன். பிரகாசி கடை வைக்கிறாள். புதுத் துறைமுக ரோட்டில் சின்னதாக ஒரு பெட்டிக்கடை. மிட்டாய், பீடி, வாழைப்பழம், சோப்பு எல்லாம் உண்டு. இடத்தை நான்தான் பேசி முடித்தேன். கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். ஆற்றங்கரைப் பக்கம் நெல் விளையும் ஊர்க்காரன், சட்டையை உள்ளே விட்டிருந்தான், அக்கா அக்கா என்று மரியாதையாகப் பேசினான். பெட்டி இலவசம், தினமும் ஐஸ் இலவசம், கடைக்குப் பெயர்ப் பலகையும் கம்பெனியே எழுதித் தரும் என்றான். நிபந்தனை உனக்குத் தெரிந்ததுதான்.

பலகையில் என்ன பெயர் எழுதட்டும் என்று கேட்டான். தொம்மை ஸ்டோர் என்றாள் பிரகாசி. எங்கள் வீட்டுக்காரர் பெயர், அவரும் கலர்தான் போட்டார், கருப்பட்டிக் கலர் என்றாள். அந்தப் பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படி ஒன்று கேள்விப்பட்டதே இல்லையே அக்கா என்றான். மீன் கலர் என்று சொல்லிச் சிரித்திருந்தாலாவது அவனோடு சண்டை போட்டிருப்பேன். அவனுக்கு அதுவும் தெரியவில்லை.

அவன் போன பிறகு நான் அவளைச் சத்தம் போட்டேன். ஊரில் எல்லாக் கடையும் உன் புருஷனை வெளியே வைத்தது, நீயுமா என்று கேட்டேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

“பெட்டி இல்லாம கடை இல்ல, அண்ணே. அது ஒனக்கும் தெரியும், அவியளுக்கும் தெரிஞ்சுதான் இருந்துச்சு. நான் ஸ்டெல்லாவப் படிக்க வைக்கணும்.”

அவள் சொன்னதில் எந்த இடத்தில் தப்புக் கண்டுபிடிப்பது? நீ இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பாயா? நீ கேட்டுக்கொண்டதை என்னால் காப்பாற்ற முடியவில்லை, மாப்பிள்ளை. இனிக் கருப்பட்டிக் கலர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கடை திறக்கிறோம். பச்சைப் பெட்டி நேற்றே வந்து இறங்கிவிட்டது. பலகையில் உன் பெயர் அழகாகத்தான் விழுந்திருக்கிறது, அதற்கு மேலே கம்பெனியின் பெயர் அதைவிடப் பெரிதாக.

அந்தக் கடைக்கு யாராவது வந்து நம் கலரைக் கேட்பார்களா? கேட்க மாட்டார்கள். ஆனாலும் எங்கேயோ ஒரு லாரிக்காரன், அந்த ஒரு கோடையில் குடித்தவன், நினைப்பு வந்து கேட்டுவிட்டால்? உன் பெயருக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, அது இங்கே இல்லை என்று உன் பெண்டாட்டி சொல்ல வேண்டியிருக்குமே. அதை மட்டும் அவள் வாயிலிருந்து வர விடமாட்டேன். துறைமுகத்து வேலை முடிந்ததும் தினமும் கடைக்கு வந்து உட்காருவேன். நான் இல்லாத நேரத்தில் யாராவது கேட்டால், சாயங்காலம் அண்ணன் வருவார், அவரிடம் கேளுங்கள் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். அவனுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். இதை உனக்குத் தரும் வாக்காக வைத்துக்கொள், வேறு எதையும் தர என்னிடம் இல்லை.

பிரகாசிக்கு அண்ணன்,
ஸ்டெல்லாவுக்கு மாமன்,
நீ இல்லாவிட்டாலும் உனக்கு மச்சான்,
சவரிமுத்து
திரேஸ்புரம், தூத்துக்குடி